நண்டின் கொடுக்கைக் கட்டும் மருந்து

எண்ணூர் விரைவுச் சாலையில் ஒரு ராத்திரி, கண்டெய்னர் லாரி உரசி பைக்கோடு விழுந்த எங்கள் தெருப் பையனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். டூட்டி டாக்டர் எடுத்த எடுப்பில் கேட்டது, "எத்தனை மணிக்குப்பா அடிபட்டது?" நாலு பேரும் ஒரே குரலில் "இப்பத்தான் சார்" என்றோம். அவர் விடவில்லை, சரியான நேரம் வேண்டும் என்றார். 108-க்குப் போட்ட கால் போனில் இருந்தது, 9.12. அப்போது மணி 10.50. எங்கள் "இப்பத்தான்" ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலே! அப்புறம்தான் ஊசி போட்டார்கள்.

ரத்தப்போக்கைக் குறைக்கப் போட்ட அந்த ஊசி மருந்தின் பெயர் ட்ரனெக்ஸாமிக் ஆசிட். மாதவிலக்கில் ரத்தப்போக்கு அதிகமானால் வீட்டில் பெண்கள் சாப்பிடும் மாத்திரையும் இதேதான். விலை உயர்ந்த சமாசாரம் இல்லை.

மீன்பிடித் துறைமுகத்தில் வலையும் நண்டுமாகப் புழங்கும் எங்கள் காசிமேட்டுக்காரர்களுக்கு இது எப்படி வேலை செய்கிறது என்று சொல்வது சுலபம். காயம் பட்ட இடத்தில் ஃபைப்ரின் என்கிற புரதம் நூல் நூலாகப் பின்னி வலை போடும், ரத்த அணுக்கள் அதில் சிக்கிக் கட்டியாகும், ஓட்டை அடைபடும். வலை அங்கேயே கிடந்தால் ரத்தக் குழாய் அடைத்துக்கொள்ளும் என்பதால் அதை அறுத்தெடுக்கவும் உடம்பு ஆள் வைத்திருக்கிறது, பிளாஸ்மின். பலமாக அடிபட்டு ரத்த ஓட்டம் குறையும்போது குழாய்களின் உள்சுவரிலிருந்து இந்த ஆளைக் கிளப்பிவிடும் பொருள் அளவுக்கு மீறிச் சுரக்கிறது. வலையில் விழுந்த நண்டு நூலைக் கடித்துக் குதறுவது மாதிரி, கட்டிய வலை கட்டக் கட்ட அறுபடும், ரத்தம் நிற்காது.

பிளாஸ்மின் ஆவதற்கு முந்தைய நிலையில் இருக்கும் பிளாஸ்மினோஜென், ஃபைப்ரின் நூலில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தைப் பற்றிக்கொண்டுதான் வேலையைத் தொடங்கும். ட்ரனெக்ஸாமிக் ஆசிட் பார்க்க லைசின் மாதிரியே இருக்கும், அதனால் அந்தப் பிடிக்குள் தானே போய் உட்கார்ந்துகொள்ளும். சந்தையில் நண்டின் கொடுக்கைக் கயிற்றால் கட்டிப் போடுகிறார்களே, அதே வேலைதான். நண்டு சாகவில்லை, கடிக்க முடியவில்லை, அவ்வளவுதான். இது புதிதாக வலை பின்னாது, இருக்கிற வலையைக் காப்பாற்றும். இந்த வித்தியாசம் முக்கியம்.

1962-ல் இதைக் கண்டுபிடித்தவர்கள் ஜப்பானின் உட்டாகோ ஒகமோட்டோவும் அவர் கணவர் ஷோசுகேவும். பிரசவத்தில் ரத்தம் போய்ச் சாகும் தாய்மார்களைக் காப்பாற்ற இதைச் சோதித்துப் பாருங்கள் என்று உட்டாகோ கேட்டபோது உள்ளூர் மகப்பேறு மருத்துவர்கள் அசையவில்லை. அதற்கான பெரிய ஆய்வின் முடிவு 2017-ல்தான் வந்தது, அவர் 2016-லேயே போய்விட்டார். எனக்கு இதில் இன்னும் ஆறவில்லை.

விபத்துக் காயங்களுக்கு இதைச் சோதித்தது லண்டனில் இயான் ராபர்ட்ஸ் முன்னின்று நடத்திய கிராஷ்-2 ஆய்வு. 40 நாடுகள், இந்தியாவும் சேர்த்து, 274 மருத்துவமனைகள், 20,211 நோயாளிகள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர், எது யாருக்குப் போகிறது என்று போடுகிற டாக்டருக்கே தெரியாது. 2010-ல் வந்த முடிவு: உப்புத் தண்ணீர் பக்கம் நூற்றுக்கு 16 பேர் இறந்தார்கள், மருந்துப் பக்கம் 14.5. இவ்வளவுதானா என்று தோன்றும். இந்த ஒன்றரையைக் கண்ணால் பிடிக்கத்தான் 20,000 பேர் தேவைப்பட்டது, 200 பேரை வைத்துப் பார்த்திருந்தால் தற்செயல் என்று தள்ளிவிட்டிருப்பார்கள்.

அடுத்த வருடம் அதே கணக்கை நேரவாரியாகப் பிரித்தார்கள். அடிபட்டு ஒரு மணி நேரத்துக்குள் போட்டவர்களில் ரத்தப்போக்கால் இறந்தவர்கள் 5.3 சதவீதம், உப்புத் தண்ணீரில் 7.7. மூன்று மணி நேரம் தாண்டிப் போட்டால் கதை தலைகீழ்: மருந்தில் 4.4, உப்புத் தண்ணீரில் 3.1. நேரம் போகப் போக உடம்பே வலையை அறுப்பதை அடக்கிக்கொண்டு ரத்தத்தை உறைய வைக்கும் பக்கம் சாய்ந்துவிடும், அப்போது போய்க் கொடுக்கைக் கட்டுவது சரிப்படாது என்பது ஒரு விளக்கம். 2018-ல் 40,000-க்கும் மேற்பட்டவர்களின் தரவைச் சேர்த்துப் பார்த்ததில், ஒவ்வொரு 15 நிமிடத் தாமதத்துக்கும் மருந்தின் பலன் சுமார் 10 சதவீதம் குறைவது தெரிந்தது. டாக்டர் ஏன் அப்படிக் குடைந்தார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. கடிகாரம் விழுந்த இடத்திலேயே ஓடத் தொடங்கிவிட்டது, ஆஸ்பத்திரி வாசலில் இல்லை.

வழக்கமாக இதை ஒரு கிராம் நரம்பில் 10 நிமிடத்தில் ஏற்றி, இன்னொரு கிராமை 8 மணி நேரம் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். ரத்தம் போய்ச் சுருங்கிக் கிடக்கும் நரம்பை, குலுங்கும் ஆம்புலன்ஸில் தேடுவது லேசுப்பட்ட வேலையா? அதனால் தசையில் குத்தினால் போதுமா என்று பார்த்தார்கள். 2021-ல் வெளியான சிறிய ஆய்வில், அடிபட்ட 30 பேருக்குத் தசையில் போட்ட ஊசி சில நிமிடங்களிலேயே தேவையான அளவுக்கு ரத்தத்தில் ஏறியிருந்தது. துறைமுகத்துக்குப் போகும் லாரி வரிசையில் மாட்டிக்கொண்டு, சைரன் மட்டும் அடித்துக்கொண்டு நிற்கும் 108 வண்டியைத் தினமும் பார்க்கிற எங்களுக்கு அந்தச் சில நிமிடம் எவ்வளவு என்று தெரியும்.