ஸ்டீலா, டைட்டானியமா?

எலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை என்று முடிவானதும், நோயாளியின் வீட்டார் பெரும்பாலும் கேட்பது, "ஸ்டீல் பிளேட்டா, டைட்டானியமா டாக்டர்?" என்பதே. விலை கூடியது நீண்ட நாள் உழைக்கும் என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. அந்தப் பாகம் உடலுக்குள் என்ன வேலையை, எத்தனை காலம் செய்யப்போகிறது என்பதைப் பார்த்தே நாங்கள் உலோகத்தைத் தேர்கிறோம்.

316எல் எனப்படும் ஸ்டீலின் விறைப்பு, அதாவது வளைந்துகொடுக்காத தன்மை, ஏறத்தாழ 200 கிகாபாஸ்கல் (விறைப்பை அளக்கும் அலகு); அலுமினியமும் வனேடியமும் கலந்த டைட்டானியத்துக்கு அது 110 அளவில்தான். எலும்பின் கெட்டியான புறப்பகுதிக்கோ 20-ஐ ஒட்டியே இருக்கும். விறைப்பான உலோகம் சுமையைப் பெரும்பாலும் தானே தாங்கிக்கொண்டால், வேலையற்றுப்போன எலும்பு நாளடைவில் மெலியும் என்பதால், இங்கே டைட்டானியத்துக்கு ஓர் அனுகூலம் உண்டு. எம்.ஆர்.ஐ. படத்தையும் அது குறைவாகவே கெடுக்கும். ஆகவே முதுகெலும்பில் அதையே விரும்புகிறோம். கவரிங் நகை பட்டால் தோல் தடிப்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அத்தகைய ஒவ்வாமையைத் தூண்டக்கூடிய நிக்கல் ஸ்டீலில் இருக்கிறது.

ஆனால் முன்கை எலும்பு சில மாதங்களில் கூடிவிடும். அதுவரை பிடித்துவைக்க ஸ்டீல் பிளேட் பெரும்பாலோருக்குப் போதும். பின்னாளில் கழற்றும்போதுதான் டைட்டானியம் படுத்தும். பிளேட்டின் துளையிலேயே மரைபோட்டுப் பூட்டிக்கொள்ளும் லாக்கிங் ஸ்க்ரூவின் தலை பிளேட்டோடு இறுகிப்போய், திருப்புளி சுழலச் சுழல அதன் பள்ளம் மழுங்கி, கடைசியில் தலையையே துளையிட்டு அகற்ற வேண்டிய நிலை வருவதுண்டு. செலவைக் குறைக்க ஸ்டீல் பிளேட்டில் டைட்டானியம் ஸ்க்ரூ போடலாமே என்றும் சிலர் கேட்கிறார்கள். உடல் திரவத்தில் இரு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருந்தால் அரிப்பு ஏற்படலாம் என்பதால் அதைத் தவிர்க்கிறோம்.

மூட்டு மாற்றுச் சிகிச்சையில் கணக்கே வேறு. அங்கே உராய்வுதான் எதிரி. டைட்டானியம் எளிதில் கீறலுறும் என்பதால், முழங்கால் மூட்டின் உராயும் பரப்பு பெரும்பாலும் கோபால்ட்–குரோம் கலப்புலோகமும் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்குமாகவே அமைகிறது. இங்கிலாந்தின் எலும்பு அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லி முதலில் இடுப்பு மூட்டுக்கிண்ணத்துக்கு டெஃப்லானைப் பயன்படுத்தினார். அது சில ஆண்டுகளிலேயே தேய்ந்து, துகள்கள் சுற்றுத்திசுவைப் புண்ணாக்கியதால், 1962-இல் பாலிஎத்திலீனுக்கு மாறினார். தேய்மானமே இராது என்று நம்பி உலோகத்தின் மேல் உலோகம் உராயும்படி செய்த ஏ.எஸ்.ஆர். என்ற வகை செயற்கை இடுப்பு மூட்டும், கோபால்ட், குரோமியத் துகள்களால் எழுந்த சிக்கல்களோடு 2010-இல் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது.

எதைப் பொருத்தினாலும், அதன் பெயரும் லாட் எண்ணும் (தயாரிப்புத் தொகுதி எண்) கொண்ட ஸ்டிக்கர் உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்; பிளேட்டைக் கழற்றப்போகும் மருத்துவருக்கு எந்தத் திருப்புளி வேண்டும் என்பதே அதிலிருந்துதான் தெரியும்.