12 வோல்ட்டில் உறுமும் வால்வு: ஓவர்டிரைவ் பெடல் கட்டும் வழி

கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே தரையில் வைத்து, காலால் மிதித்து ஒலியை உறும வைக்கும் பெட்டிதான் ஓவர்டிரைவ் பெடல். அதை இங்கே 12ஏயு7 என்ற வால்வை, அதாவது வெற்றிடக் கண்ணாடிக் குழாயை, வைத்துக் கட்டப்போகிறோம். அதைச் சாக்கெட்டில் செருகி 12 வோல்ட் கொடுத்தால் முதல் இருபது நொடி ஒன்றும் கேட்காது. கண்ணாடிக்குள் உற்றுப் பார்த்தால் ஊசிமுனை அளவில் ஒரு செம்மஞ்சள் பொட்டு தெரியும். அதற்குப் பிறகுதான் கிட்டார் ஒலி மெல்ல ஏறி வரும். அந்தப் பொட்டுதான் ஹீட்டர். அது கேத்தோடு என்ற சிறு குழலைச் சுட வைக்கிறது. சூடான கேத்தோடிலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்பி, வெற்றிடத்தைக் கடந்து பிளேட் என்ற உலோகத் தகட்டில் சேருகின்றன. நடுவில் வேலி போல நிற்கும் மெல்லிய கம்பிச் சுருளுக்குக் கிரிட் என்று பெயர்.

நாஞ்சில் நாட்டுக் குளத்து மடையைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். குளத்தில் நிற்கும் தண்ணீர், பிளேட்டுக்குக் கொடுக்கும் வோல்டேஜ். மடைப்பலகை, கிரிட். பலகையை ஒரு விரற்கடை தூக்கினால் வாய்க்கால் நிறைந்து ஓடும். தூக்கிய கைக்குப் பெரிய பாடு இல்லை. கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் கிட்டார் பிக்கப் தரும் மின்சாரமும் அப்படிப்பட்ட சின்னக் கைதான். மெதுவாக மீட்டினால் ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு, கம்பியை அழுத்தி இழுத்தால் அரை வோல்ட் வரை.

பலகையை அடிவரை இறக்கிவிட்டால் அதற்குமேல் ஓட்டம் குறைய வழியில்லை. முழுக்கத் தூக்கிய பிறகு இன்னும் தூக்கினாலும் தண்ணீர் கூடாது. கிட்டார் அலையை இந்த இரண்டு எல்லைகளிலும் போய் முட்ட வைப்பதுதான் ஓவர்டிரைவ். வால்வில் இரண்டு முட்டலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒரு பக்கம் கிரிட்டே எலெக்ட்ரான்களை உறிஞ்சத் தொடங்கி அலையின் தலையை அமுக்குகிறது. மறுபக்கம் ஓட்டம் வற்றி நின்றுபோகிறது. இப்படி மேலும் கீழும் ஒவ்வாமல் நசுங்கும் அலையில் மூல சுரத்தின் இரட்டிப்பு அதிர்வெண் கலக்கிறது. அது அதே சுரத்தின் மேல் ஸ்தாயி என்பதால் காதுக்கு இதமாக, தடிமனாகக் கேட்கிறது.

பலரும் தடுக்கி விழும் இடம் வால்வைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. கிட்டார் ஆம்ப்ளிஃபயர்களில் அதிகம் பேசப்படுவது 12ஏஎக்ஸ்7. அதன் பெருக்கும் திறன் 100; 12ஏயு7-க்கு 17 முதல் 20 வரைதான். நூறு இருக்கும்போது இருபது எதற்கு என்று தோன்றும். 250 வோல்ட் பிளேட்டில் அந்தக் கேள்வி சரி, 12 வோல்ட்டில் சரியில்லை. சூடான கேத்தோடிலிருந்து கிளம்பும் எலெக்ட்ரான்களில் சில, யாரும் அழைக்காமலே கிரிட்டில் போய் உட்காருகின்றன. கிரிட்டிலிருந்து தரைக்கு (சர்க்யூட் முழுவதற்கும் பொதுவான நெகட்டிவ் இணைப்புக்கு) போட்ட 1 மெகா ஓம் ரெசிஸ்டர் வழியாக அவை திரும்பும்போது கிரிட்டில் 0.3 முதல் 0.5 வோல்ட் வரை எதிர்மின்னழுத்தம் தானாக உருவாகிறது. நடுவில் 0.4 என்று வைத்துக்கொள்வோம். 12ஏஎக்ஸ்7-இல் அந்த 0.4 வோல்ட்டின் தடுப்பு நூறால் பெருகி, பிளேட் பக்கத்தில் 40 வோல்ட்டுக்குச் சமம். நம்மிடம் இருப்பதோ 12. மடை அடைத்துக் கிடக்கும்; ஒலி மெலிந்து, கரகரத்து, அறுந்து அறுந்து வரும். 12ஏயு7-இல் அதே 0.4 வோல்ட் சுமார் 7 வோல்ட்டுக்குச் சமம். மீதம் சில வோல்ட் இருக்கிறது, அந்த மீதத்தில்தான் இந்தப் பெடல் பாடுகிறது. ஆகவே விலை கூடிய 12ஏஎக்ஸ்7 வாங்கி இந்தச் சர்க்யூட்டில் போட வேண்டாம்.

சர்க்யூட்

12ஏயு7 ஒரே கண்ணாடிக்குள் இரண்டு வால்வுகள். அதன் கால்களுக்கு, அதாவது பின்களுக்கு, எண்கள் உண்டு. முதல் பாதிக்கு 1 பிளேட், 2 கிரிட், 3 கேத்தோடு. இரண்டாம் பாதிக்கு 6, 7, 8 அதே வரிசையில். ஹீட்டரின் இரு முனைகள் 4, 5; அதன் நடுப்புள்ளி 9. சாக்கெட்டை அடிப்பக்கமிருந்து பார்க்கும்போது, இடைவெளியில் தொடங்கிக் கடிகாரச் சுற்றில் 1 முதல் 9 வரை எண்ண வேண்டும். மேலிருந்து எண்ணி வயரிங் செய்தால் எல்லாமே கண்ணாடிப் பிம்பமாகத் தலைகீழாகும்.

இன்புட் ஜாக்கிலிருந்து தரைக்கு ஒரு 1 மெகா. ஜாக்கிலிருந்து 47 நானோ ஃபாரட் கெபாசிட்டர் வழியாக 2-ஆம் பின்னுக்கு. அந்தப் பின்னிலிருந்து தரைக்கு இன்னொரு 1 மெகா. 3 நேரே தரைக்கு. 1-ஆம் பின்னுக்கு 220 கிலோ ஓம் வழியாக 12 வோல்ட். அங்கிருந்து 4.7 நானோ வழியாக 500 கிலோ ஓம் லாக் கண்ட்ரோலின் (கண்ட்ரோல் என்பது திருகி மாற்றும் ரெசிஸ்டர்; லாக் வகை முதலில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும், லீனியர் வகை ஒரே சீராகவும் மாறும்) மேல்முனை, கீழ்முனை தரைக்கு. இதுதான் உறுமலைக் கூட்டிக் குறைக்கும் கெயின். இதன் நடுக்காலிலிருந்து 22 நானோ. அதன் மறுமுனையில் தரைக்கு மூன்றாவது 1 மெகா. அங்கிருந்து 33 கிலோ ஓம் வழியாக 7-ஆம் பின். 8 தரைக்கு. 6-ஆம் பின்னுக்கு 100 கிலோ ஓம் வழியாக 12 வோல்ட். அங்கிருந்து 100 நானோ வழியாக 100 கிலோ ஓம் லாக் வால்யூம் கண்ட்ரோல். அதன் நடுக்கால் அவுட்புட். வால்யூமின் மேல்முனையிலிருந்து தரைக்கு 50 கிலோ ஓம் லீனியர் கண்ட்ரோலும் 4.7 நானோவும் தொடராகப் போட்டால் டோன்.

இந்த அளவுகள் ஏன் என்று தெரிந்தால் பிறகு விரும்பியபடி மாற்றலாம். கெயினுக்கு முன்னால் இருக்கும் 4.7 நானோ, சுமார் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அடிநாதத்தைக் குறைக்கிறது. கிட்டாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. அது முழு பலத்தோடு இரண்டாம் பாதியை முட்டினால் ஒலி கூழாகிவிடும். கூழ் ஒலிதான் வேண்டும் என்பவர்கள் அங்கே 22 நானோ போடலாம்.

33 கிலோ ஓம் இல்லாமலும் சர்க்யூட் ஓடும். ஆனால் ஓங்கி மீட்டும்போது கிரிட் உறிஞ்சும் மின்சாரம் 22 நானோ கெபாசிட்டரை நிரப்பி, அடுத்த சில மில்லி நொடிகளுக்கு வால்வை அடைத்து வைக்கும். ஒலி ஒரு கணம் செத்துப் பிழைக்கும். 33 கே அந்த நிரம்பலைத் தணிக்கிறது.

வால்யூமுக்கு 500 கே போட்டால் சத்தம் கூடும் என்று சிலர் மாற்றுவார்கள். மேஜையில் கூடவும் செய்யும். ஆனால் 6 மீட்டர் கேபிளின் கெபாசிட்டன்ஸ் 600 பிக்கோ ஃபாரட் அளவில் இருக்கும். 500 கே கண்ட்ரோலின் நடுவில் வைத்து வாசித்தால் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே தேயத் தொடங்கிவிடும். 100 கே போதும்.

மின்சாரம்

வைஃபை ரவுட்டருக்கும் சிசிடிவி கேமராவுக்கும் வரும் 12 வோல்ட் 1 ஆம்பியர் அடாப்டர் இதற்குப் பொருத்தம். ஹீட்டருக்கு 150 மில்லி ஆம்பியர். இரண்டு பிளேட்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ 0.1 மில்லி ஆம்பியர்தான். பிறகு எதற்கு 1 ஆம்பியர்? ஆறிய ஹீட்டரின் தடை 10 முதல் 20 ஓம் அளவுக்குத் தாழ்ந்திருக்கும். போட்ட கணத்தில் அது அரை ஆம்பியருக்கு மேல் கேட்கும். 200 மில்லி ஆம்பியர் அடாப்டர் அப்போது மூச்சு வாங்கி அணைந்து அணைந்து எரியும்.

ஹீட்டருக்குக் குறித்த அளவு 12.6 வோல்ட், கூடக்குறைய 10 சதவீதம். அதாவது 11.3-க்குக் கீழே போகக்கூடாது. 9 வோல்ட் பெடல் சப்ளையை இதில் செருகிப் பயனில்லை. துருவம் மாறிச் செருகினாலும் கெடாமலிருக்க, மின்சாரத்தை ஒரே திசையில் விடும் ஒரு டையோடு தொடராகப் போடுவோம். அங்கே 1என்4007 போட்டால் 0.8 வோல்ட் போய்விடும், எல்லைக்குக் கீழே இறங்கிவிடும். 1என்5819 போடுங்கள்; 0.3 வோல்ட்தான் இழக்கும். ரவுட்டர் அடாப்டரில் பெரும்பாலும் நடுமுனை பாசிட்டிவ், கடையில் விற்கும் பெடல்களின் அடாப்டரில் நடுமுனை நெகட்டிவ். இரண்டும் ஒரே பையில் கிடந்தால் என்றாவது ஒரு நாள் மாறும். அன்று இந்த டையோடு காப்பாற்றும்.

டையோடுக்குப் பிறகு ஹீட்டருக்கு நேர் வயர். பிளேட்டுகளுக்கு மட்டும் 1 கிலோ ஓம் வழியாகக் கொடுத்து, அங்கிருந்து தரைக்கு 470 மைக்ரோ ஃபாரட் 25 வோல்ட் கெபாசிட்டர் போட்டால் அடாப்டரின் கீச்சொலி உள்ளே வராது. கோயில் கொடையிலோ பங்குத் திருவிழா மேடையிலோ ஜெனரேட்டர் கரண்டை நம்ப முடியாதபோது யுபிஎஸ்ஸில் இருக்கும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி போதும். ஒரு இரவு முழுக்க ஓடும். பேட்டரிக்கு 500 மில்லி ஆம்பியர் ஸ்லோ-ப்ளோ ஃபியூஸ் கட்டாயம்.

சாமான் தேடுதல்

ரெசிஸ்டர், கெபாசிட்டர், கண்ட்ரோல், டாட் போர்டு, அடாப்டர், ஜாக் எல்லாம் நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும் சாமான்கள். ரெசிஸ்டர் கால் வாட் போதும். கெபாசிட்டரில் மட்டும் கறாராக இருங்கள்: 472, 223, 473, 104 என்று எண் சொல்லிக் கேட்டால் கையில் வருவது பெரும்பாலும் வட்டச் செராமிக். அதைத் தட்டினால் ஸ்பீக்கரில் கேட்கும். தரையில் மிதிக்கும் பெடலுக்கு அது ஆகாது. பாலியஸ்டர் என்று சொல்லிக் கேளுங்கள். எண்ணுக்குப் பின்னால் ஜே என்று இருந்தால் 5 சதவீத வித்தியாசத்துக்குள். கண்ட்ரோலில் ஏ என்றால் லாக், பி என்றால் லீனியர். 500 கே இல்லாவிட்டால் 470 கே வாங்கலாம்.

ஒன்பது கால் செராமிக் சாக்கெட்டும், ஒன்பது முனை உள்ள கால் சுவிட்சும் இங்கே அரிது. சென்னை ரிச்சி தெருவிலோ இணையத்திலோதான் தேட வேண்டும். வால்வும் அப்படியே. ஸ்லோவாக்கியாவின் ஜேஜே, ரஷ்யத் தொழிற்சாலையில் வால்வு செய்யும் அமெரிக்க நிறுவனமான எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் ஆகியவை இன்றும் புதிதாகச் செய்கின்றன. வெளிநாட்டிலிருந்து நேரே வரவழைத்தால் சுங்க வரியும் சேரும். இந்தியாவில் இருப்பு வைத்திருப்பவரிடம் வாங்குவதே நிம்மதி.

பழைய சாமான் வாங்கி விற்கும் ஆக்கர் கடையிலும் பழைய ரேடியோ மெக்கானிக்கிடமும் தேடுவது நல்ல பழக்கம்தான். ஆனால் வீட்டு வால்வு ரேடியோவில் இருப்பது பெரும்பாலும் இசிஎச்81, இபிஎஃப்89, இஎல்84 வகைகள். அவை இதற்கு உதவா. டேப் ரெக்கார்டர், ஆசிலாஸ்கோப் போன்றவற்றில் இசிசி82 என்ற எழுத்தைத் தேடுங்கள். அது 12ஏயு7-இன் ஐரோப்பியப் பெயர். இசிசி85-ம் ரஷ்ய 6என்1பி-யும் அதே ஒன்பது கால், அதே உருவம். ஆனால் அவற்றின் ஹீட்டர் 6.3 வோல்ட். இந்தச் சாக்கெட்டில் செருகினால் பளிச்சென்று எரிந்து போகும்.

பழைய வால்வின் உச்சியில் வெள்ளி பூசினாற்போல் பளபளப்பு இருக்க வேண்டும். அது பால் வெள்ளையாக மாறியிருந்தால் காற்றுப் புகுந்துவிட்டது, எடுக்காதீர்கள். பழைய ரேடியோவைப் பிரிக்கும்போது பிளக்கைப் பிடுங்கிய பின்னும் பெரிய கெபாசிட்டர்களில் 200 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். கைவைக்கும் முன் மீட்டரில் பாருங்கள்.

கட்டும் வரிசை

முதலில் ஹீட்டர் வயரை மட்டும் போட்டு, வால்வைச் செருகி, 4, 5 பின்களுக்கு இடையே 11.4 முதல் 12 வோல்ட் இருக்கிறதா, பொட்டு எரிகிறதா என்று பாருங்கள். பிறகு பிளேட் ரெசிஸ்டர்களையும் கிரிட்டின் 1 மெகா ரெசிஸ்டர்களையும் போட்டு, ஒரு நிமிடம் சூடாக விட்டு, 1, 6 பின்களின் வோல்டேஜை அளந்து பாருங்கள். 4 வோல்ட்டுக்கும் 9 வோல்ட்டுக்கும் இடையே எங்கே நின்றாலும் நல்லது. முழு 12 காட்டினால் கேத்தோடு தரையைத் தொடவில்லை, அல்லது வால்வு ஓய்ந்துவிட்டது. ஒரு வோல்ட்டுக்குக் கீழே என்றால் பிளேட் ரெசிஸ்டர் தவறு, அல்லது ஈயம் வழிந்து பக்கத்துப் பின்னைத் தொட்டிருக்கிறது. இந்த அளவு சரியான பிறகே மற்றதைத் தொடுங்கள். கால் சுவிட்சின் ஒவ்வொரு முனையிலும் சால்டரிங் அயர்ன் மூன்று நொடிக்கு மேல் நிற்கக்கூடாது. உள்ளே பிளாஸ்டிக் இளகி, வெளியே அழகாக இருந்தபடியே சுவிட்ச் செத்துவிடும். பல்பு எல்இடிக்கு 4.7 கிலோ ஓம்.

பெட்டி உலோகமாகத்தான் இருக்க வேண்டும், தரையோடு இணைந்திருக்க வேண்டும். அலுமினிய வார்ப்புப் பெட்டி கிடைக்காவிட்டால் எலக்ட்ரிக்கல் கடையின் ஜி.ஐ. சுவிட்ச் பாக்ஸில் மூடிக்குத் தகடு வெட்டிப் போட்டுச் சமாளிக்கலாம். வால்வுக்கு 22 மில்லி மீட்டர் குறுக்களவு, சாக்கெட்டுக்கு மேலே 5 சென்டிமீட்டர் உயரம். சாக்கெட்டைக் கால் சுவிட்சிலிருந்து தள்ளி வையுங்கள். மிதிக்கும் அதிர்வில் உள்ளிருக்கும் கிரிட் கம்பி நடுங்கி மணி அடித்தாற்போல் கேட்கும். சாக்கெட் திருகுகளின் கீழே ரப்பர் வாஷர் போட்டால் பாதி அடங்கும். அப்படியும் பென்சிலால் தட்டும்போது கணீரென்றால் வால்வை மாற்றுவதுதான் வழி.

முட்டம், குளச்சல், மணக்குடிப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு தனிக் கவனம் வேண்டும். ஆனி, ஆடிச் சாரலில் நன்றாக வேலை செய்யும் பெடல் திடீரெனச் சொரசொரக்கும். கெயினைத் திருகினால் ஒலி தாவும். வால்வைக் குறை சொல்லும் முன் போர்டின் அடியைப் பாருங்கள். பற்றவைத்தபின் ஒட்டியிருக்கும் ஃபிளக்ஸ் பசை உப்புக் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. அந்தப் பசை சில மெகா ஓம் தடையாக நின்றாலே போதும், பிளேட்டின் வோல்டேஜ் கிரிட்டுக்குக் கசிந்து வந்து, அந்த 0.4 வோல்ட் சமநிலையைக் கலைத்துவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பழைய பல்துலக்கும் பிரஷை நனைத்து 2, 7 பின்களைச் சுற்றித் தேய்த்து, நன்றாகக் காய விட்டுப் பாருங்கள். வால்வின் ஒன்பது கால்களையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சாக்கெட்டிலிருந்து பிடுங்கிச் செருகினால் உப்புப் படலம் உரசிக் கழியும். பிடுங்கும்போது கண்ணாடியைச் சாய்க்காமல் நேர் மேலே இழுக்க வேண்டும். சாய்த்தால் கால் முளைக்கும் இடத்தில் கண்ணாடி கீறிவிடும்.