பூட்டிக்கொண்ட கணக்கும் செத்துப்போன ஹார்ட் டிஸ்க்கும்

திருநெல்வேலியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்து இருபது வருஷம் ஆகப் போகிறது. ஆரம்பத்தில் முகம் வெளிறி வருகிறவர்கள் கையில் ஒரு ஹார்ட் டிஸ்க் இருக்கும். "டக் டக்னு சத்தம் கேக்கு அண்ணாச்சி, எல்லாம் உள்ளதான் இருக்கு" என்பார்கள். இப்போது அதே முகத்தோடு வருகிறவர்கள் கையில் செல்போன் இருக்கிறது. அதில் பாஸ்வேர்ட் கேட்டு நிற்கும் ஒரு வெள்ளைத் திரை.

முதல் வகை ஆட்களுக்கு என்னால் ஏதாவது செய்ய முடிந்தது. பாதி ஃபைல்களையாவது மீட்டுக் கொடுப்போம். முடியாததை டேட்டா மீட்கும் லேபுக்கு அனுப்புவோம். இரண்டாவது வகைக்கு உதவுகிற ஸ்க்ரூ டிரைவர் எதுவும் என்னிடம் இல்லை.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் போன மாதம் வந்தார். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஒரு பிரவுசிங் சென்டர் பையன் திறந்து கொடுத்த மெயில் கணக்கு. பேத்தியின் படங்கள், பென்ஷன் பேப்பர்களின் ஸ்கேன், சங்கத்துக்காக எழுதிய கடிதங்கள் எல்லாம் அதில்தான். பழைய போன் தண்ணீரில் விழுந்துவிட்டது, சிம் ரீசார்ஜ் செய்யாமல் போய்விட்டது, புது நம்பர் வாங்கிவிட்டார். பாஸ்வேர்ட் தெரியாது, ஓடிபி பழைய நம்பருக்குப் போகிறது. நம் நாட்டில் கைவிட்ட நம்பரைக் குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அவர் வந்தபோது ஐந்து மாதம் ஆகியிருந்தது. அந்த நம்பருக்கு அடித்துப் பார்த்தோம். யாரோ இந்தியில் பேசினார்கள்.

"எல்லாம் கிளவுட்ல இருக்கு, ஒண்ணும் போகாதுன்னு சொன்னாங்களே தம்பி" என்றார். ஒன்றும் போகவில்லைதான். எல்லாம் பத்திரமாக இருக்கிறது. அவருக்கு மட்டும் கதவு திறக்கவில்லை.

கிளவுட் நல்லதா, கம்ப்யூட்டரிலேயே சாஃப்ட்வேர் போட்டுக்கொள்வது நல்லதா என்று வாரத்துக்கு நாலு பேராவது கேட்கிறார்கள். இரண்டும் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். வேர்டு, கணக்கு எழுதும் டேலி, போட்டோஷாப் போன்றவற்றை மெஷினில் இன்ஸ்டால் செய்தால் நிரலும் அங்கே, ஃபைலும் அங்கே. நெட் இல்லாவிட்டாலும் வேலை நடக்கும். கூகுள் டாக்ஸ் போன்ற கிளவுட் சாஃப்ட்வேர்கள் பிரவுசரில் ஓடுகின்றன. ஃபைல் இருப்பது அந்த நிறுவனத்தின் மெஷினில். இந்த கிளவுடுக்குத் தமிழில் மேகக் கணிமை என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறோம், ஆனால் எங்கோ ஒரு கட்டடத்தில் கரண்ட் பில் கட்டி ஏசி போட்டு வைத்திருக்கும் கம்ப்யூட்டர்கள்தான்.

இந்தப் பிரிவு முன்பு தெளிவாக இருந்தது. இப்போது கலங்கிவிட்டது, சிக்கலே அங்கேதான். விண்டோஸ் 11 போட்ட புது லேப்டாப்பை மைக்ரோசாஃப்ட் கணக்கு கொடுத்துத் திறக்கும்போது, வரும் கேள்விகளுக்கெல்லாம் 'அடுத்து, அடுத்து' என்று அமுக்கிக்கொண்டே போனால், டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றும் சத்தமில்லாமல் மைக்ரோசாஃப்டின் கிளவுடான ஒன்டிரைவுக்குள் போய் உட்கார்ந்துவிடும். இலவச இடம் 5 ஜிபிதான். ஆறே மாதத்தில் 'இடம் நிரம்பிவிட்டது' என்று சிவப்பில் எழுத்து வரும். ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கும் ஒரு பெண் அதைப் பார்த்துவிட்டு, "நெட்டில இருக்கிறது எக்ஸ்ட்ரா காப்பிதானே, ஒரிஜினல் லேப்டாப்ல இருக்கே" என்று அங்கே போய் எல்லாவற்றையும் அழித்துவிட்டார். திரும்பி வந்து பார்த்தால் டெஸ்க்டாப் துடைத்துவிட்டது போல இருக்கிறது.

அவர் செய்தது முட்டாள்தனம் இல்லை. யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் அங்கே நடப்பது சிங்க். நிலைக்கண்ணாடி மாதிரி: இந்தப் பக்கம் கையைத் தூக்கினால் அந்தப் பக்கமும் தூக்கும், இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். பேக்கப் என்பது வேறு. நாம் அழித்தாலும் அழியாமல் தனியாகக் கிடக்கிற காப்பிக்குத்தான் அந்தப் பெயர். நல்ல வேளை, அவர் நாலாம் நாளே வந்துவிட்டார். சொந்தக் கணக்கென்றால் ஒன்டிரைவின் குப்பைத் தொட்டியில் அழித்தவை 30 நாள் இருக்கும், எடுத்துக் கொடுத்தோம். ஒன்றரை மாதம் கழித்து வந்திருந்தால் கையை விரித்திருப்பேன்.

இன்னொன்று, கல்லூரிப் பிள்ளைகளுக்கு நடப்பது. புராஜெக்ட் ரிப்போர்ட்டை கூகுள் டாக்ஸில் அடித்திருப்பார்கள். மெஷினில் கூகுள் டிரைவ் ஃபோல்டர் இருக்கிறதே என்று அதிலிருந்து பென் டிரைவுக்கு காப்பி செய்துகொண்டு போவார்கள். 80 பக்க ரிப்போர்ட், சைஸ் பார்த்தால் 1 கேபி! அது ரிப்போர்ட் இல்லை, ரிப்போர்ட் இருக்கும் விலாசம். நெட் இல்லாத லேபில் சொருகினால் ஒன்றும் திறக்காது. டவுன்லோட் கொடுத்து வேர்டு ஃபைலாகவோ பிடிஎஃப் ஆகவோ இறக்கினால்தான் அது உங்கள் கையில் இருக்கிறது என்று அர்த்தம். சைஸைப் பார்க்கும் பழக்கம் ஒன்று இருந்தாலே பாதி அழுகை குறையும்.

சரி, அப்படியானால் எல்லாம் சொந்த மெஷினிலேயே இருக்கட்டும் என்கிறீர்களா? 2023 டிசம்பர் 17, 18 இரண்டு நாளும் இந்த ஊரில் இருந்தவர்களிடம் அதைச் சொல்லாதீர்கள். பக்கத்து மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. இங்கே தாமிரபரணி ஜங்ஷனுக்குள் வந்துவிட்டது. அடுத்த வாரம் என் கடை வாசலில் சேறு அப்பிய சிபியுக்கள் ரேஷன் கடை வரிசை மாதிரி நின்றன. அதில் முதலில் கைவிட்டுப் போனவை, அவசரப்பட்டு வெயிலில் காயவைத்து ஆன் செய்து பார்த்தவர்களின் டிஸ்குகள். ஹார்ட் டிஸ்குக்குள் சுழலும் தட்டுக்கும் அதைப் படிக்கும் முனைக்கும் நடுவே இருக்கும் இடைவெளி தலைமுடித் தடிமனைவிட எவ்வளவோ குறைவு. காய்ந்த சேற்றுத் துகள் ஒன்று போதும், தட்டைக் கீறிவிடும். தண்ணீர் புகுந்தால் ஆன் செய்யாமல் அப்படியே கொண்டுவாருங்கள், அதுதான் நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி.

அந்த வரிசையில் ஒரு ஹார்டுவேர் கடை அண்ணாச்சியும் இருந்தார். மூன்று வருஷக் கணக்கு டேலியில். டிஸ்க் எழுந்திருக்கவே இல்லை. அவர் இதற்காகப் பணம் கட்டி எந்த கிளவுடும் வைத்திருக்கவில்லை. ஆனால் ஜிஎஸ்டி வேலைக்காக மாதாமாதம் டேலி பேக்கப்பை ஆடிட்டருக்கு மெயிலில் அனுப்பிக்கொண்டிருந்தார். நவம்பர் மாதம் வரை கணக்கு முழுசாக அந்த மெயிலில் கிடந்தது. தெரியாமலே அவருக்கு ஒரு கிளவுட் இருந்திருக்கிறது. அரை மாதப் பில்களை மட்டும் காய்ந்த பில் புத்தகத்தைப் பார்த்து மறுபடி ஏற்றினார்கள்.

இப்போதெல்லாம் எஸ்எஸ்டி, சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கிற டிஸ்க். வேகம் அருமை, நானே எல்லோருக்கும் அதைத்தான் மாட்டிவிடுகிறேன். ஆனால் பழைய டிஸ்க் சாகும் முன் டக் டக் என்று எச்சரிக்கும். எஸ்எஸ்டி நேற்று ராத்திரி ஓடியது, காலையில் இல்லை என்றே போகும். அதில் அழித்த ஃபைலை மீட்பதும் பெரும்பாலும் நடக்காத காரியம்.

கிளவுட் நிறுவனம் பார்த்துக்கொள்ளும் என்கிற நம்பிக்கைக்கும் ஓர் எல்லை உண்டு. 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓவிஎச் என்ற கிளவுட் நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்று முழுசாக எரிந்தது. தனியாக பேக்கப் வைத்திராதவர்களுக்கு இழப்பு இழப்புதான். 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரசு டேட்டா சென்டர் தீப்பிடித்ததில் அரசு ஊழியர்கள் பயன்படுத்திய ஜி டிரைவ் என்ற அரசு கிளவுட் மொத்தமும் போயிற்று: 858 டெராபைட். அளவு பெரிது என்று வெளியே காப்பி வைக்கவில்லையாம். இத்தனைக்கும் அது அந்த நாட்டு அரசாங்கம்.

தீப்பிடிக்கவே வேண்டாம், நிறுவனம் மனம் மாறினாலும் போதும். மெயில் வழியாகக் கூடிப் பேசும் யாஹூ குழுமங்களில் தமிழில் எழுதிக் குவித்த ஒரு தலைமுறை உண்டு. 2019 கடைசியில் அங்கிருந்த பழைய மடல்களை அழிக்கப் போவதாக நிறுவனம் சொன்னது, அழித்தது. மறுபக்கம், பிகாசா என்ற படம் பார்க்கும் சாஃப்ட்வேரை கூகுள் 2016-இல் கைவிட்டது. ஆனால் எனக்குத் தெரிந்த ஸ்டுடியோக்காரர் ஒருவர் இன்றைக்கும் அதில்தான் படங்களைப் பிரித்து வைக்கிறார். மெஷினில் போட்ட சாஃப்ட்வேருக்கு இந்த ஒரு குணம் உண்டு, பெற்றவன் கைவிட்டாலும் வீட்டில் இருந்துகொண்டிருக்கும். பாதுகாப்பு அப்டேட் வராது என்பது வேறு விஷயம். ஆபீஸ் 2016-க்கும் 2019-க்கும் 2025 அக்டோபர் 14-ஓடு அது நின்றுவிட்டது. திறக்கும், ஓடும், யாரோ அனுப்பிய தெரியாத ஃபைலை அதில் திறப்பதுதான் ஆபத்து. அப்புறம், 'கிராக்' போட்ட, அதாவது லைசென்ஸ் பூட்டை உடைத்த இலவச சாஃப்ட்வேர் பற்றி ஒரே வார்த்தை: ஃபைல்களையெல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ் என் கடைக்கு வந்த பெரும்பாலான தடவை அந்த வழியாகத்தான் வந்திருக்கிறது.

டிடிபி, அதாவது அச்சுக்குக் கம்ப்யூட்டரில் பக்கம் வடிவமைக்கும் வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் என் பதில் வேறு. பாளையங்கோட்டையில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஓர் அச்சகத்தில் இன்னமும் பழைய விண்டோஸ் எக்ஸ்பி மெஷினில் பேஜ்மேக்கர் 7 என்ற பக்க வடிவமைப்பு சாஃப்ட்வேர் ஓடுகிறது. அந்த அச்சகக்காரரின் மகன், "காலம் மாறிப்போச்சுப்பா" என்று பழைய வேர்டு ஃபைல்களையெல்லாம் கூகுள் டாக்ஸுக்கு ஏற்றினான். திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டுகிறது. பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று அடித்தால் கம்ப்யூட்டர் நினைவில் வைத்திருப்பது எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, எச். அந்த எழுத்துரு இருக்கும் மெஷினில்தான் அது அம்மா. இல்லாத இடத்தில் குப்பை. எந்த மெஷினிலும் தமிழ் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு மாறச் சொல்லி தமிழக அரசு 2010-இல் சொல்லிவிட்டது, ஆனால் அதற்கு முந்தைய இருபது வருஷத் தமிழ் இப்படித்தான் எங்கெங்கோ கிடக்கிறது. அதனால் அந்த எக்ஸ்பி மெஷினை நெட்டில் இணைக்காமல் அப்படியே வைக்கச் சொன்னேன். முடிந்த வேலைகளை எழுத்துருவோடு சேர்த்து பிடிஎஃப் ஆக்கி, அதை மட்டும் கிளவுடில் போடுங்கள். மறுபடி திருத்த வேண்டியதை, எழுத்துருவை மாற்றித் தரும் நிரலில் போட்டு யூனிகோடாக்கி வையுங்கள் என்றேன். மகன் சரி என்றான். அப்பா எக்ஸ்பி மெஷினுக்குப் புது யுபிஎஸ் வாங்கினார்.

காசு விஷயம். கிளவுட் வாடகை, மெஷினில் போட்ட சாஃப்ட்வேர் சொந்த வீடு என்று சொல்லலாம். ஆனால் மெஷினில் போடுவதிலும் இப்போது வாடகை வந்துவிட்டது. போட்டோஷாப் விற்கும் அடோபி 2013-இலேயே சந்தா முறைக்குப் போய்விட்டது. மைக்ரோசாஃப்ட் 365 சந்தா கட்டாவிட்டால் மெஷினில் இருக்கும் ஃபைல்கள் ஓடிவிடாது. திறந்து படிக்கலாம், பிரிண்ட் எடுக்கலாம், திருத்த முடியாது. மார்க் லிஸ்ட், மனு, வீட்டு வரவுசெலவு இவ்வளவுக்கு சந்தா கட்டுவது எனக்கு வீண் என்றே படுகிறது. இந்த வேலையெல்லாம் செய்யும் லிப்ரே ஆபீஸ் இலவசம், போட்டுக்கொடுத்துவிடுவேன். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபியை மெயில், டிரைவ், போட்டோ மூன்றும் பங்கு போட்டுக்கொள்கின்றன. 2021 ஜூனிலிருந்து படங்களும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டன, ஆண்ட்ராய்டு போன்களின் வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்போது அதில்தான். நிரம்பிவிட்டால் மெயில் வருவதே நின்றுபோகும். வேலைக்கு அப்ளிகேஷன் போட்டுவிட்டுக் காத்திருந்த ஒரு பையனுக்கு இன்டர்வியூ மெயில் வராமல் போனது இப்படித்தான், காரணம் குடும்ப குரூப்பின் குட்மார்னிங் வீடியோக்கள். இரண்டு வருஷம் தொடாத கணக்கை கூகுள் அழித்துவிடலாம் என்பதும் 2023 டிசம்பரிலிருந்து நடைமுறை. படங்களைப் போட்டுப் பூட்டிவைக்கும் பெட்டியாக ஒரு கணக்கை வைத்திருப்பவர்கள், அவ்வப்போது போய்த் திறந்து பாருங்கள்.

நான் என் வீட்டில் செய்வதைச் சொல்கிறேன். வேலை மெஷினில். படங்களும் முக்கியமான பேப்பர்களும் கிளவுடில் ஒரு காப்பி. மாதத்தில் ஒரு ஞாயிறு எக்ஸ்டர்னல் டிஸ்கில் இன்னொரு காப்பி எடுத்து, டிஸ்கைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுவேன். கழற்றி வைப்பது முக்கியம். சொருகியே இருந்தால் வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டும். காப்பியிலிருந்து ஏதாவது ஒரு ஃபைலைத் திறந்தும் பார்ப்பேன், ஏனென்றால் வருஷக்கணக்காக காலி ஃபோல்டரை பேக்கப் எடுத்துக்கொண்டிருந்த ஒரு டாக்டரை எனக்குத் தெரியும்.

தமிழாசிரியருக்குப் புதுக் கணக்குத் திறந்து கொடுத்தேன். மகள் நம்பரையும் மீட்பு நம்பராகச் சேர்த்தோம். போன் இல்லாதபோது உள்ளே போக கூகுள் பத்து எண்கள் தருகிறது, எட்டெட்டு இலக்கம், ஒவ்வொன்றும் ஒரு தடவைக்கு. அதை பிரிண்ட் எடுத்து, பாஸ்வேர்டை மட்டும் இதே தாளில் எழுதாதீர்கள் சார் என்று சொல்லிக் கொடுத்தேன். மடித்து எல்ஐசி பாண்டு இருக்கும் ஃபைலுக்குள் வைத்துக்கொண்டார். வாசல் வரை போனவர் திரும்பி வந்தார்.

"தம்பி, இந்தத் தாள் தொலைஞ்சா?"

பக்கத்துக் கடையில் ஒரு ஜெராக்ஸ் எடுத்து, மகள் வீட்டில் வைக்கச் சொல்லிக் கொடுத்தனுப்பினேன்.