கிளைடரின் குழாய்களில் ஒரு துளிக் காற்று

இன்ஜின் இல்லாத கிளைடர், வெயிலில் சூடான நிலத்திலிருந்து எழும் காற்றோட்டத்தைத் தேடிப் பிடித்து அதற்குள் வட்டமடித்தே உயரம் பெறுகிறது. தாம் ஏறுகிறோமா இறங்குகிறோமா என்பதை விமானியின் உடல் நம்பகமாக உணர்வதில்லை. ஆகவே, 1920களின் இறுதியில் ராபர்ட் குரோன்ஃபெல்ட் போன்ற விமானிகள் ஜெர்மனியில் பயன்படுத்தத் தொடங்கிய, ஏறும் இறங்கும் வேகத்தைக் காட்டும் வேரியோமீட்டரே இன்றும் கிளைடரின் முதன்மைக் கருவியாக இருக்கிறது. அந்தக் கருவிக்குப் பின்னால் மறைந்திருக்கும் சில மீட்டர் நீளக் குழாய்களை வெறும் இணைப்புகளாக எண்ணுவோர் பலர். அவை கருவியின் ஒரு பகுதியே என்பதைச் சிறு கணக்கு ஒன்று காட்டிவிடும்.

இயந்திர வகை வேரியோமீட்டரின் ஒரு முனையில், வழக்கமாக 450 மில்லிலிட்டர் கொள்ளளவுள்ள தெர்மாஸ் பிளாஸ்க் ஒன்று குழாயால் இணைக்கப்பட்டிருக்கும். மறுமுனை வெளிக்காற்றோடு தொடர்புடையது. கிளைடர் ஏறும்போது வெளி அழுத்தம் குறைவதால், பிளாஸ்கிலுள்ள காற்று கருவியின் வழியாக வெளியேறி, உள்ளே இருக்கும் மெல்லிய தகட்டைத் தள்ளுகிறது. கடல்மட்டத்துக்கு அருகில் ஒரு மீட்டர் ஏறினால் அழுத்தம் ஏறத்தாழ 12 பாஸ்கல் குறையும். அதாவது வினாடிக்கு 1 மீட்டர் ஏறும் கிளைடரில், பிளாஸ்கிலிருந்து வினாடிக்கு 0.05 மில்லிலிட்டர் காற்றே வெளியேறுகிறது. ஒரு துளி நீரின் பருமன் அவ்வளவுதான். அது வெப்பம் புகாத தெர்மாஸ் பிளாஸ்காக இருப்பதற்கான காரணமும் இதில் அடங்கியிருக்கிறது: உள்ளிருக்கும் காற்று 1 டிகிரி சூடானாலே அழுத்தம் சுமார் 350 பாஸ்கல் உயரும், அது 29 மீட்டர் உயர மாற்றத்துக்குச் சமம்.

வேகமானியின் அழுத்தங்களும் இவ்வாறே சிறியவை. காற்றை நேரே எதிர்கொள்ளும் பிட்டோ குழாய்க்கும் கிளைடரின் பக்கவாட்டில் உள்ள நிலையழுத்தத் துளைகளுக்கும் இடையே, மணிக்கு 100 கி.மீ. வேகத்தில், 470 பாஸ்கல் வேறுபாடே எழுகிறது. 48 மி.மீ. உயர நீர்த்தம்பத்தின் அழுத்தம் இது. ஸ்ட்ரா வைத்து இளநீர் குடிக்கும்போது வாய் கொடுக்கும் உறிஞ்சல்கூட இதைவிட மூன்று நான்கு மடங்கு இருக்கும்.

மூன்றாவது இணைப்புதான் மிக நுட்பமானது. விமானி கட்டுப்பாட்டுத் தண்டைப் பின்னுக்கு இழுத்தால், வேகம் உயரமாக மாறி, எழுகாற்று இல்லாமலேயே வேரியோமீட்டர் ஏற்றத்தைக் காட்டிவிடும். இந்த ஏமாற்றத்தை நீக்க, இயக்க ஆற்றலையும் நிலை ஆற்றலையும் சேர்த்து அளக்கும் வழியை ஆர்தர் காண்ட்ரோவிட்ஸ் 1939இல் முன்வைத்தார். இன்று பல கிளைடர்களின் வால் துடுப்பில் நீட்டிக்கொண்டு, வேரியோமீட்டரின் மறுமுனையோடு இணைந்திருக்கும் மெல்லிய ஆற்றல்குழல், நிலையழுத்தத்தைவிட இயக்க அழுத்தத்தின் (மேலே சொன்ன பிட்டோ வேறுபாட்டின்) அளவுக்குக் குறைவான அழுத்தத்தைத் தருகிறது. வேகம் குறைந்து உயரம் கூடும்போது இரு மாற்றங்களும் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்கின்றன. வாலிலிருந்து முன்பகுதிவரை பல மீட்டர் ஓடிவரும் குழாயில் எங்கே கசிந்தாலும் இந்த ஈடு கெடுகிறது.

குழாயைத் தேர்ந்தெடுக்கையில் முதலில் பார்க்க வேண்டியது சுவரின் விறைப்பு. 5 மி.மீ. உள்விட்டமுள்ள குழாயின் ஒரு மீட்டர் நீளத்தில் ஏறத்தாழ 20 மில்லிலிட்டர் காற்று இருக்கிறது. பிளாஸ்குக்கும் கருவிக்கும் இடையிலுள்ள அந்தக் குழாய் அசைவாலோ அழுத்தத்தாலோ நூற்றில் ஒரு பங்கு நசுங்கினால், 0.2 மில்லிலிட்டர் காற்று இடம்பெயரும். நான்கு மீட்டர் ஏறியபோது வெளியேறும் காற்றின் அளவு அது. மீன் தொட்டிக்குக் காற்று செலுத்தும் மெல்லிய குழாய் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தாலும் இங்கே பொருந்தாததற்கு இதுவே காரணம். சிலிக்கோன் குழாய் கடுங்குளிரிலும் வளையும், எளிதில் முதுமையடையாது. ஆனால் மென்மையானது, வளைவில் மடிந்துகொள்ளும், இணைப்பு முனையிலிருந்து நழுவும். பி.வி.சி. குழாய் முனையை நன்றாகக் கவ்வும்; ஆண்டுகள் செல்லச்செல்ல அதை இளக்கமாக வைத்திருக்கும் வேதிப்பொருள் வெளியேற, விறைத்துப்போன குழாய் முனையை விட்டுத் தளர்கிறது. பாலியூரித்தேன் விறைப்பிலும் பிடிப்பிலும் மேலானது என்பது என் கருத்து. ஆயினும், கருவிப் பலகை விதானத்தோடு (விமானியறையின் கண்ணாடி மூடியோடு) சேர்ந்து மேலெழும் கிளைடர்களில், அந்த அசைவைத் தாங்கும் அளவுக்குத் தாராளமான வளைவு அதற்கு வேண்டும்.

விட்டத்தைக் குறைக்கும் ஆசையும் வரக்கூடாது. விட்டம் பாதியானால் காற்றோட்டத்துக்கான தடை 16 மடங்காகும். நசுங்கிய ஒரே ஒரு வளைவு, முள் தாமதமாக நகரப் போதுமானது.

பொருத்துகையில் குழாயின் முனையைக் கூரிய கத்தியால் நேராக வெட்டி, வெந்நீரில் சற்று இளக்கி, எண்ணெய் எதுவும் தடவாமல் கருவியின் இணைப்பு முனையிலுள்ள வரிகள் முழுவதும் மறையும்வரை தள்ள வேண்டும். பழைய குழாயைக் கழற்றும்போது கத்தியால் நீளவாக்கில் கீறுவது பலருக்கும் வழக்கம். கீறல் பிளாஸ்டிக் முனையில் பதிந்துவிட்டால், புதுக் குழாய் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தக் கோட்டின் வழியே கசியும். மழைநீரும் ஒரு பகைதான்: குழாயின் செங்குத்தான பகுதியில் நிற்கும் 5 மி.மீ. நீர் ஏறத்தாழ 49 பாஸ்கல் பிழை தரும் என்பதால், தாழ்வான இடத்தில் நீர் சேகரிக்கும் சிறு குப்பி ஒன்று வைக்கப்படுகிறது.

சோதனைக்குச் சிரிஞ்சு போதும். வாயால் ஊதினால் கருவி பாழாகும். பிட்டோ வழியில் மெல்ல அழுத்தி, வேகமானி 150 கி.மீ. காட்டும்போது குழாயை அடைத்தால், முள் அங்கேயே நிற்க வேண்டும். ஆற்றல்குழலின் வழியில் முள் எல்லையைத் தொடாதபடி மிக மெதுவாக உறிஞ்சி அடைத்தால், சிறிது நேரத்தில் வேரியோமீட்டர் சுழிக்குத் திரும்ப வேண்டும். திரும்பாமல் இறக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்தால், ஆற்றல்குழலின் பக்கம் காற்று உள்ளே நுழைகிறது. ஏற்றத்தைக் காட்டினால், பிளாஸ்கின் பக்கம். பிளாஸ்க் பக்கக் கசிவு பறக்கும்போது மேலும் வஞ்சகமானது: ஆற்றல்குழலின் அழுத்தத்தைவிட விமானியறையின் அழுத்தம் கூடுதலாக இருப்பதால், அறைக் காற்று தொடர்ந்து உள்ளே புகுந்து கருவியைக் கடந்து வெளியேற, வேகம் கூடக்கூட இல்லாத ஏற்றம் கூடுதலாகத் தெரியும். பலகையை இடத்தில் பொருத்தி விதானத்தை மூடிய பின் இந்தச் சோதனையை மறுபடி செய்வது அவசியம், ஏனெனில் திறந்திருக்கையில் நேராக இருந்த குழாய் மூடும்போதுதான் மடிகிறது.