பர்கர் வெந்ததா என்று கறியின் நிறம் சொல்லாது

மதுரையில் ஞாயிற்றுக்கிழமை காலை கறிக்கடையில் நின்றால் இரண்டு வகை ஆட்களைப் பார்க்கலாம். "தொடைக்கறி முக்கா கிலோ போடுங்கண்ணே" என்பவர் ஒருவர். "எலும்பில்லாம கொத்திக் குடுங்க, கோலா உருண்டைக்கு" என்பவர் இன்னொருவர். ஒரே ஆடுதான். ஆனால் கத்தி விழ விழ, இரண்டாமவரின் கறியில் ஒரு விஷயம் அடியோடு மாறிவிடுகிறது.

நோயில்லாத ஆட்டின் தசைக்குள் கிருமிகள் அநேகமாக இருப்பதில்லை. தோல் உரிக்கும்போதும் குடலை எடுக்கும்போதும் ஒட்டுபவை மேற்பரப்பில்தான் நிற்கும். முழுத்துண்டைச் சூடான கல்லில் போட்டால் வெளிப்புறம் முறுகும்போதே அவை செத்துவிடும். கொத்தினாலோ மெஷினில் அரைத்தாலோ, வெளியே இருந்தது உள்ளே போய்விடுகிறது. பர்கருக்குள் வைக்கும் பேட்டி (நேர்காணல் அல்ல, கறித்தட்டை) இப்படி அரைத்த கறிதான். அதை உள்ளே வேகாமல் விட்டால் கிருமியையும் விட்டுவைக்கிறோம்.

1993 தொடக்கத்தில் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில், பல கிளைகள் கொண்ட ஓர் உணவகத்தின் அரைவேக்காட்டு பர்கரால் 700 பேருக்கு மேல் நோயுற்றார்கள். 4 குழந்தைகள் இறந்தார்கள். காரணம் ஈ.கோலை ஓ157 என்ற குடல் பாக்டீரியா. மாட்டின் குடலில் இருப்பது, ஆட்டிலும் உண்டு. அதன் நச்சு குழந்தைகளின் சிறுநீரகத்தைத் தாக்கும்.

அந்தக் கிருமியைக் கொல்வதற்கு வெப்பத்தோடு நேரமும் சேர வேண்டும். கறியின் நடுப்பகுதி 63 டிகிரி செல்சியஸ் என்றால் 3 நிமிடம் அப்படியே நிற்க வேண்டும். 68 டிகிரிக்கு 17 வினாடி. 70-ஐத் தொட்டால் ஒரு வினாடிகூட வேண்டாம். வீட்டுச் சமையலுக்கு அரைத்த கறி 71, கோழி 74 என்று சொல்வது இதனால்தான்.

சரி, 71 வந்ததென்று எப்படித் தெரியும்? நிறத்தைப் பார்த்து என்பதுதான் எல்லோருடைய பதிலும். அது ஏமாற்றும். கறிக்குச் சிவப்பு தருவது மயோகுளோபின் என்ற புரதம். அரைத்து வெகுநேரம் காற்றுபட்ட கறியில் அது ஏற்கனவே பழுப்பாக மாறத் தொடங்கியிருக்கும். அடுப்பில் 60 டிகிரி வருமுன்னே வெந்ததுபோலத் தெரியும். இதற்கு நேர்மாறாக, கரி அடுப்பின் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு நன்றாக வெந்த கறியையும் இளஞ்சிவப்பாகவே வைத்திருக்கும். சமையல் தெர்மாமீட்டரைப் பக்கவாட்டில் நடுவரை குத்திப் பார்ப்பதுதான் வழி.

ருசிக்குக் கணக்கு வேறு. மொறுமொறுப்பும் வாசனையும் தரும் மயிலார்ட் வினை சுமார் 140 டிகிரிக்கு மேல்தான் வேகம் பிடிக்கும். மேலே ஈரம் இருக்கும்வரை வெப்பம் 100-ஐத் தாண்டாது. ஆகவே கல் நன்றாகக் காய வேண்டும். ஆனால் பேட்டி தடிமனாக இருந்தால், நடுவில் 71 வருவதற்குள் மேல்பக்கம் கரிந்துவிடும். தடிமன் இரண்டு மடங்கானால் வெப்பம் நடுவுக்குப் போக ஏறக்குறைய நான்கு மடங்கு நேரம் ஆகும்.

கோலா உருண்டையை எலுமிச்சை அளவுக்கு மேல் யாரும் பிடிப்பதில்லையே, அதன் சூட்சுமம் இதுதான். மதுரை சிம்மக்கல் பகுதியின் கறி தோசை இந்தச் சிக்கலுக்குள் போவதே இல்லை. கொத்துக்கறியை முதலிலேயே மசாலாவில் வேகவைத்து, அப்புறம்தான் தோசைமேல் பரப்புகிறார்கள்.

வீட்டு பர்கருக்கு என் ஓட்டு மெல்லிய பேட்டிக்கே. காய்ந்த இரும்பு தோசைக்கல்லில் போட்டதும் ஒருமுறை நன்றாக அழுத்தித் தட்டையாக்குங்கள். பிறகு அழுத்தாதீர்கள், சாறு போய்விடும். உப்பைக் கறியோடு சேர்த்துப் பிசைந்தால் மயோசின் புரதம் கரைந்து இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். கோலாவுக்கு அது வரம், பர்கர் ரப்பராகிவிடும். உப்பைக் கல்லில் போடும்போது மேலே தூவினால் போதும். ஆட்டுக்கறியில் கொழுப்பு குறைவு, ஐந்தில் ஒரு பங்கு சேர்த்து அரைத்துத் தரச் சொல்லுங்கள். ஆனால் சூடாகச் சாப்பிட்டுவிட வேண்டும். ஆட்டுக்கொழுப்பு ஆறினால் மேலண்ணத்தில் மெழுகுபோல ஒட்டிக்கொள்ளும்.