காந்தம் கட்டிலுக்கு வந்தால்

"அண்ணே, கண்ணுல எப்பவாச்சும் இரும்புத்தூள் பட்டிருக்கா?"

காந்தத்தால் உடம்பின் உட்புறத்தைப் படம் எடுக்கும் எம்.ஆர்.ஐ. அறை வாசலில் எல்லாரிடமும் நான் கேட்கும் கேள்வி இது. இல்லை என்று பட்டென்று சொல்லிவிடுவார்கள். மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஈப்போவுக்கு வந்திருந்த அந்த அண்ணன் மட்டும் கொஞ்சம் யோசித்தார். முப்பது வருடமாகச் செம்பனைக் குலை அறுப்பவர். "அரிவாள் தீட்டுறப்போ பொறி தெறிக்கும் தம்பி. தண்ணி ஊத்திக் கழுவிட்டு வேலையப் பார்ப்போம்" என்றார்.

கண்ணுக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தோம். இடது கண்ணில் கடுகில் பாதி அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. அன்றைக்கு ஸ்கேன் கிடையாது. எங்கள் மிஷினின் காந்தம் 1.5 டெஸ்லா; காந்தத்தின் வலிமையை அளக்கும் அலகு அது. அந்த இழுப்பில் இரும்புத் துணுக்கு அசைந்தால் கண்ணை உள்ளுக்குள்ளேயே கிழித்துவிடும், பார்வையே போகலாம். தாலியை ஏன் கழற்றச் சொல்கிறீர்கள் என்று கோபித்துக்கொள்ளும் அம்மாக்களிடம் கெஞ்சிப் பேச வேண்டியிருக்கும். தங்கத்தைக் காந்தம் இழுக்காது, சூடேறலாம் என்பதால்தான் கழற்றச் சொல்கிறோம். அது கழுத்தில் தெரிகிறது, கழற்றிவிடலாம். கண்ணுக்குள் இருப்பதுதான் ஆபத்து.

ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தவர் அவர். கிளம்பும்போது கேட்டார்: "சின்னக் காந்தம் வெச்ச மிஷின் எதுவும் இல்லியா தம்பி?"

இருக்கிறது. 2020-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஸ்வூப் என்ற கருவியின் காந்தம் 0.064 டெஸ்லா. எங்களுடையதில் ஏறத்தாழ 23-இல் ஒரு பங்கு. சக்கரத்தில் உருட்டி வார்டுக்குள் கொண்டுபோய், சுவர் பிளக்கில் மாட்டி, கட்டிலில் படுத்திருப்பவரின் தலையைப் படம் எடுக்கலாம். எங்கள் மிஷினை அப்படி நகர்த்த முடியாது. பல டன் எடை. அதன் கம்பிச்சுருள் மைனஸ் 269 டிகிரியில் திரவ ஹீலியத்தில் மூழ்கிக் கிடக்க வேண்டும். வெளியிலிருந்து ரேடியோ அலை நுழையாதபடி அறையைச் சுற்றி உலோகக் கூண்டு வேறு. தோட்டப்புறச் சின்ன ஆஸ்பத்திரிகளுக்கு இது வராததற்கு மிஷினின் விலை மட்டும் காரணமில்லை; அதற்கென்று கட்ட வேண்டிய அறையும் காரணம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1980-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் நோயாளியின் உடலை முதன்முதலாகப் பயன்படும்படி படம்பிடித்த கருவியின் காந்தமும் 0.04 டெஸ்லாதான். இடையில் நாற்பது ஆண்டுகள் காந்தத்தைப் பெரிதாக்குவதிலேயே போயின. காரணம் இல்லாமல் இல்லை. நம் உடம்பிலுள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்கள் காந்தப்புலத்தில் திசைபிடித்து நிற்கும். ரேடியோ அலையால் தட்டினால் திரும்ப ஒரு சன்னமான குரல் கொடுக்கும். அந்தக் குரலைப் பொறுக்கித்தான் படம் வரைகிறோம். காந்தம் சிறுத்தால் குரலும் மெலியும். மோட்டார், விளக்கு, போன் எல்லாவற்றின் இரைச்சலும் அதை அமுக்கிவிடும். தைப்பூசத்தில் உறுமி மேளத்துக்கு நடுவே பக்கத்து ஆளின் பேச்சைக் கேட்க முயல்வதுபோல.

கூண்டு இல்லாமல் இதைச் சமாளிக்க, இரைச்சலை மட்டும் தனியாகக் கேட்கும் சுருள்களைச் சுற்றிலும் வைத்து, அவை கேட்டதைக் கணினியில் கழித்துவிடுகிறார்கள். ஹாங்காங் பல்கலைக்கழகத்தார் 2024-இல் 0.05 டெஸ்லாவில் முழு உடலையே இப்படி எடுத்துக் காட்டினார்கள். சாதாரண பிளக்கிலிருந்து வரும் மின்சாரமே போதுமாக இருந்தது. படத்தைத் தெளிவாக்க, பழைய படங்களைக் காட்டிப் பழக்கிய கணினியின் உதவியும் தேவைப்பட்டது. இங்கேதான் எனக்குக் கொஞ்சம் தயக்கம். பழக்கப்பட்ட கணினி, இல்லாததையும் அழகாக வரைந்துவிடக்கூடும். இருப்பதையும் தடவி மறைத்துவிடக்கூடும். படம் அழகாக இருப்பதால் அது சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை.

நம் ஊருக்கே உரிய இன்னொரு தொல்லை வெயில். இந்தச் சின்னக் கருவிகள் பெரும்பாலும் மின்சாரம் இல்லாமலே காந்தமாக இருக்கும் நிலைக்காந்தத்தால் ஆனவை. நியோடிமியம் காந்தமாக இருந்தால், சூடு ஒரு டிகிரி ஏறும்போது வலிமை ஆயிரத்தில் ஒரு பங்கு குறையும். கேட்பதற்கு அற்பமாகத் தெரியும். ஆனால் ரேடியோவை எந்த அலைவரிசையில் வைப்பது என்பது அதைப் பொறுத்தது. காலையில் பிடித்த ஸ்டேஷன் மதியம் நழுவிவிடும்.

அந்த அண்ணன் கேட்ட சின்னக் காந்தம் அவருக்கு உதவுமா? உதவாது. அவருக்கு ஒரு காதில் மட்டும் இரைச்சல், அந்தக் காதில் செவியும் மந்தம். செவி நரம்பில் சில மில்லிமீட்டர் அளவில் கட்டி இருக்கிறதா என்று தேடத்தான் டாக்டர் அனுப்பினார். சின்ன மிஷின் மூளையை அரை சென்டிமீட்டர் தடிமன் துண்டுகளாகப் பார்ப்பது. அவ்வளவு சிறியது அதன் கண்ணுக்குத் தப்பிவிடும். கண்ணில் இரும்பு இருக்கிறதா என்ற கேள்வியை அங்கேயும் கேட்பார்கள். சின்னக் காந்தமும் காந்தம்தான்.

உகாண்டாவின் எம்பராராவில் வேறு கதை. நெதர்லாந்தின் லைடன் ஆய்வாளர்கள் ஆயிரக்கணக்கான சிறு காந்தக் கட்டிகளை வளையமாக அடுக்கி ஒரு கருவி வடிவமைத்தார்கள். அதை 2022-இல் பாகங்களாக அனுப்பி அங்கேயே பூட்டினார்கள். மூளையில் நீர் தேங்கித் தலை பெருத்த குழந்தைகளுக்காக அது. நீர் எங்கே, எவ்வளவு என்று தெரிந்தால் அறுவை மருத்துவருக்குப் போதும்; மில்லிமீட்டர் கணக்கு வேண்டாம். கெட்டுப்போனால் உள்ளூரிலேயே திறந்து சரிசெய்யலாம். தீவிர சிகிச்சையில் மூச்சுக் குழாயோடு கிடப்பவரை நகர்த்தாமல் பார்ப்பதும் இதே வகை. "ஏழைக்கு ஏழை மிஷினா?" என்று கேட்கும் நண்பர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்: தேடுவது என்ன என்று டாக்டரிடம் முதலில் கேளுங்கள், மிஷினைப் பற்றி அப்புறம் பேசுவோம்.

பக்கவாதத்துக்கு மட்டும் இந்த ஆராய்ச்சி வேண்டாம். முகம் கோணினால், கை தொங்கினால், பேச்சு குழறினால் உடனே 999-ஐக் கூப்பிடுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்; அதற்கு முன் எக்ஸ்ரேயால் குறுக்குவெட்டாகப் படம் எடுக்கும் சி.டி. ஸ்கேன் எடுத்து ரத்தக்கசிவு இல்லை என்று உறுதிசெய்வார்கள். எந்த ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு நிற்காதீர்கள்.

அரிவாள் தீட்டுகிறவர்கள், பட்டறையில் வெல்டிங் செய்கிறவர்கள் ஸ்கேனுக்கு வந்தால் நாங்கள் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள். இருபது வருடத்துக்கு முன் பட்ட பொறியானாலும் சொல்லுங்கள். இடுப்புத் தாயத்தையும் கழற்ற மறக்க வேண்டாம்.

அந்த அண்ணனுக்கு மருந்து ஏற்றி சி.டி. எடுத்தார்கள். பெரிய கட்டி எதுவும் தெரியவில்லை. சிறியது உண்டா என்று பார்க்க எம்.ஆர்.ஐ.தான் வேண்டும்; அதற்கு முன் கண் டாக்டர் அந்தப் புள்ளியைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டும். தவணை அடுத்த மாதம்.