முகதாட்சண்யத்தில் போடும் கையெழுத்து

ஜவுளி மொத்தக் கடை ஒன்றில் கணக்கெழுதும் பெண் ஒருவர் சென்ற ஐப்பசியில் ஒரு மழை மாலையில் என் அலுவலகத்துக்கு வந்தார். பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து இரண்டு தாள்களை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று அவருடைய ஆதார் நகல், மற்றொன்று பான் அட்டை நகல். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் யாரோ பென்சிலால் சின்னதாகப் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள்.

"நாளைக்குள் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்கிறார் முதலாளி. என் பெயரில் ஜிஎஸ்டி பதிவு எடுக்கப் போகிறாராம். சும்மா பெயருக்குத்தானாம் சார், எனக்கு ஒரு தொந்தரவும் வராதாம்."

"உங்களுக்கு விருப்பமா?"

"இல்லை. ஆனால் எட்டு வருடமாகச் சோறு போடுகிற இடம். முகத்துக்கு நேராக எப்படி முடியாது என்பது?"

கோவையில் இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தொழிலாளர் வழக்குகளை நடத்தி வருகிறேன். என்னிடம் வருகிறவர்கள் அதிகம் கேட்பது சட்டப் பிரிவுகளைப் பற்றியல்ல, இந்த "எப்படி முடியாது என்பது" என்ற ஒன்றைத்தான். முகதாட்சண்யம் நம் ஊரில் நல்ல குணம். அந்த நல்ல குணத்தால் மனிதர்கள் தங்கள் பெயரையும், சில நேரம் உயிரையும் இழப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கடையில் வேறு என்னென்ன வேலைகள் செய்கிறீர்கள் என்று அவரிடம் கேட்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாடிக்கையாளர்களுக்குத் தேநீர் கொடுத்திருக்கிறார். பிறகு முதலாளியின் பேத்தியைப் பள்ளியிலிருந்து அழைத்து வந்திருக்கிறார். வீட்டு மின்கட்டணம், எரிவாயு சிலிண்டர் பதிவு, தீபாவளிக்கு வீட்டில் பலகாரம் கட்டித் தருவது என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்திருக்கிறது. எதற்கும் அவர் மறுப்புச் சொன்னதில்லை. எட்டாம் ஆண்டில் ஆதார் நகல். நான் பார்த்த வழக்குகளில் பெரும்பாலும் இதே வரிசைதான். சின்ன உதவிகளுக்கு வாய் திறக்காமல் பழகியவரிடம்தான் பெரிய உதவியைக் கேட்கும் துணிச்சல் முதலாளிக்கு வருகிறது.

அதற்காக, வேலைப் பட்டியலில் இல்லாத எதையும் செய்யாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்லிக்கொண்டு வேலையை இழந்த ஒருவருக்காக வழக்கு நடத்தித் தோற்றவன் நான். அவர் ஒரு கிடங்கு மேற்பார்வையாளர். ஆண்டு இறுதி இருப்புக் கணக்கெடுப்புக்குப் பக்கத்துப் பிரிவில் இரண்டு நாள் உதவச் சொன்னார்கள். "அது என் வேலை இல்லை" என்று எல்லோர் முன்னிலையிலும் கத்தி, சாவிக்கொத்தை மேலாளரின் மேசையில் வீசிவிட்டுப் போனார். நான்கு நாள் வேலைக்குத் திரும்பவில்லை. குற்றக் குறிப்பாணையில் கீழ்ப்படியாமை, தகாத நடத்தை, அனுமதியின்றி வராமை என்று மூன்று குற்றச்சாட்டுகள். மூன்றுக்கும் சாட்சி இருந்தது. அவர் பக்கம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

அந்த வழக்கின்போது நடப்பில் இருந்த 1946ஆம் ஆண்டின் நிலையாணைச் சட்டத்தை ஒட்டி வந்த மாதிரி நிலையாணைகள், அதாவது வேலையிட விதிகள், கீழ்ப்படியாமையைத் தவறான நடத்தை என்றன. ஆனால் மேலதிகாரி சொன்ன எதை மீறினாலும் தவறு என்று அவை சொல்லவில்லை. சட்டத்துக்கு உட்பட்ட, நியாயமான உத்தரவை வேண்டுமென்றே மீறினால்தான் தவறு. வழக்கே அந்த இரண்டு அடைமொழிகளில்தான் நிற்கிறது. இருப்புக் கணக்கெடுப்புக்கு உதவுவது இரண்டுக்கும் பொருந்தும், அதனால் தோற்றோம். ஊழியரின் பெயரில் வியாபாரத்தை மறைத்து நடத்துவது இரண்டுக்கும் பொருந்தாது.

நியமனக் கடிதங்களின் கடைசி வரியில் "நிர்வாகம் அவ்வப்போது ஒப்படைக்கும் பிற பணிகள்" என்று இருக்கும். பலர் இதைப் பார்த்துப் பயந்துவிடுகிறார்கள். அந்தப் பிற பணிகள் நீங்கள் சேர்ந்த வேலையின் தன்மையை ஒட்டியவையாக, நிறுவனத்தின் தொழிலுக்கானவையாக இருக்க வேண்டும். முதலாளி வீட்டு வாசலைப் பெருக்குவது அதில் வராது. அரசே இதில் தடுமாறியிருக்கிறது. காவல்துறையில் ஆர்டர்லி முறையை 1979ஆம் ஆண்டிலேயே தமிழக அரசு ஒழித்தது. ஆனாலும் அதிகாரிகளின் வீட்டு வேலைக்குக் காவலர்களை அனுப்பும் வழக்கம் தொடர்ந்ததால் 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. சீருடை அணிந்தவர்களுக்கே அந்த நிலை என்றால், நியமனக் கடிதமே இல்லாத கடைப் பையன் எதைக் காட்டி மறுப்பான்? 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நியமனக் கடிதத்தை முதலாளியின் கடமையாக்கியிருக்கின்றன. உங்களிடம் அது இல்லையென்றால் இந்த வாரமே கேளுங்கள். மறுக்க வேண்டிய நாள் வரும்போது அந்தத் தாள்தான் பேசும்.

யோசிக்கவே கூடாத சில வேலைகள் இருக்கின்றன. உங்கள் பெயரைக் கேட்பது அவற்றில் ஒன்று. ஜிஎஸ்டி பதிவு உங்கள் பெயரில் இருந்தால் வரி நிலுவை நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். கடைப் பணம் உங்கள் சேமிப்புக் கணக்கில் புரண்டால் வருமான வரித் துறை உங்களைத்தான் கேட்கும். வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, தொகையை நான் எழுதவில்லை என்று சொல்வது எளிதில் எடுபடாது. தானாக முன்வந்து கையெழுத்திட்டுக் கொடுத்த காசோலை, கடனுக்காகக் கொடுக்கப்பட்டது என்றே சட்டம் அனுமானிக்கும், மற்ற விவரங்களை வேறொருவர் நிரப்பியிருந்தாலும் சரி என்று 2019இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. வேலைக்குச் சேரும்போது "உத்தரவாதத்துக்கு" என்று வெற்றுப் புரோநோட்டும் காசோலையும் வாங்கி வைக்கும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. அந்த மேசையிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

உயிரைக் கேட்பது இன்னொன்று. உணவகத்தில் பாத்திரம் கழுவும் இருபது வயது இளைஞர் ஒருவர் வந்தார். கழிவுநீர்த் தொட்டி அடைத்துக்கொண்டது, இறங்கிப் பார் என்று மேலாளர் ஐந்நூறு ரூபாயையும் ஒரு குவார்ட்டர் பாட்டிலையும் நீட்டியிருக்கிறார். மறுத்தார், அன்றே வேலை போயிற்று. வேலை போன வருத்தத்தில் அவர் பேசிக்கொண்டிருந்தார், அவர் உயிரோடு என் எதிரே உட்கார்ந்திருக்கிறார் என்ற நிம்மதியில் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். மூடிக் கிடந்த தொட்டியில் தேங்கும் நச்சுவாயு ஓரிரு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். விழுந்தவரைத் தூக்க இறங்குகிறவரும் அங்கேயே விழுவார். இரண்டு, மூன்று பேர் ஒன்றாகச் சாகும் செய்திகள் அதனால்தான் வருகின்றன. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஒருவரைத் தொட்டிக்குள் இறக்குவது, மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டுகள் வரை சிறை உண்டு. இப்படி இறந்தவர்களின் குடும்பத்துக்கு 2014இல் பத்து லட்சம் ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் நிர்ணயித்தது, 2023இல் முப்பது லட்சமாக உயர்த்தியது. அந்தப் பணம் எந்தத் தாய்க்கும் மகனைத் திருப்பித் தராது.

ஓட்டுநர் உரிமம் இல்லாத உதவியாளரிடம் சரக்கு வண்டிச் சாவியைக் கொடுப்பதும் இந்த வகையே. "ஃபைலை இரவு வீட்டுக்குக் கொண்டு வா" என்று பெண் ஊழியரை அழைப்பவரிடம் வேலை எல்லையைப் பற்றி விவாதிக்கத் தேவையில்லை. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் பணிபுரியும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு இருக்க வேண்டும். அதற்குக் குறைவான இடங்களுக்கு மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு உண்டு. மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் புகார் கொடுங்கள்.

சரி, எப்படி மறுப்பது? அந்தப் பெண்ணின் கைப்பேசியிலேயே, என் மேசையில் வைத்து, முதலாளிக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி எழுதினோம்:

"ஐயா, வணக்கம். என் ஆதார், பான் நகல்களில் கையெழுத்திட்டுத் தருமாறும், என் பெயரில் ஜிஎஸ்டி பதிவு எடுக்கவிருப்பதாகவும் இன்று காலை கூறினீர்கள். என் பெயரில் எந்தத் தொழில் பதிவுக்கும் எனக்குச் சம்மதம் இல்லை. பொறுத்தருள வேண்டுகிறேன். கணக்குப் பிரிவில் என் வேலைகளை வழக்கம்போல் செய்து வருவேன். அக்டோபர் மாதக் கணக்கு நாளை மாலைக்குள் முடிந்துவிடும்."

அவர் முதலில் எழுதியது, "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் ஐயா" என்று. அதை அழிக்கச் சொன்னேன். வீட்டில் கேட்டாயா என்று மறுநாளும் கேட்பார்கள், அதற்கு மறுநாளும் கேட்பார்கள். அனுப்பிய செய்தியில் கோபம் இல்லை, குற்றச்சாட்டு இல்லை. கேட்டது என்ன என்பதும் சம்மதம் இல்லை என்பதும் தேதியோடு பதிவாகிவிட்டன. கடைசி இரண்டு வரிகளை நான் ஒருபோதும் விடமாட்டேன். வேலை செய்ய மறுத்தார் என்று நாளை எவரும் சொல்ல முடியாமல் தடுப்பவை அவைதான். செய்தியின் படத்தைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி வைக்கச் சொன்னேன். மறுநாள் பத்து நிமிடம் முன்னதாகவே கடைக்குப் போகச் சொன்னேன்.

இப்படி மறுத்ததற்காக வேலையை விட்டு அனுப்பினால்? தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947இன் 41ஆம் பிரிவுப்படி, ஆறு மாதம் தொடர்ந்து பணியாற்றியவரை நியாயமான காரணமும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ இல்லாமல் நீக்க முடியாது. முன்னறிவிப்பு, சம்பளம் இரண்டையும் தவிர்க்க வேண்டுமானால் விசாரணை நடத்தித் தவறை நிறுவியிருக்க வேண்டும். நீக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யலாம். மேலாண்மைப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆனால் கோபத்தில் நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டால் இந்தப் பிரிவு உங்களுக்குக் கைகொடுக்காது. மிரட்டி எழுதி வாங்கினார்கள் என்றால் மறுநாளே அதைச் சொல்லி ஒப்புகையுடன் விரைவுத் தபால் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள். ஒரு வாரம் கழித்து அனுப்பினால் அந்தச் சொல்லுக்கு வலு குறைந்துவிடும்.

அந்தப் பெண்ணின் முதலாளி பதில் எழுதவில்லை. மூன்று வாரம் அவரோடு பேசவும் இல்லை. பிறகு திருப்பூர்க் கிளைக்கு மாற்றினார். பழிவாங்கல்தான், போகமாட்டேன் என்றார் அந்தப் பெண். போய்ச் சேருங்கள், சேர்ந்த பிறகு முறையிடலாம் என்றேன். மாற்றல் உத்தரவை எதிர்த்து மனுக் கொடுத்துவிட்டேன் என்பதற்காக அங்கே போய்ச் சேராமல் இருக்க முடியாது என்று 1989இலேயே குஜராத் மின்வாரிய ஊழியர் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தப் பெண் திருப்பூருக்குப் போய் வேலையில் சேர்ந்தார். இப்போதும் அங்கே கணக்கு எழுதுகிறார்.

அவர் மறுத்த கையெழுத்தை, பார்சல் கட்டும் பிரிவில் இருந்த ஒரு தம்பி போட்டுக் கொடுத்திருக்கிறார். மாதச் சம்பளம் பதினோராயிரம் ரூபாய். சென்ற வாரம் அந்தப் பெண்தான் அவரை என்னிடம் அழைத்து வந்தார். நாற்பத்தாறு லட்சம் ரூபாய் வரி நிலுவை என்று அவர் பெயருக்கு வந்திருக்கும் நோட்டீஸ் இப்போது என் மேசையில் இருக்கிறது. பதில் கொடுக்க இன்னும் பதினாறு நாள் இருக்கிறது.